நாக்குல வெள்ளையா இருந்தா எச்ஐவியா? வாய டெஸ்ட் பண்ணி பாக்குறது எப்படி

ராத்திரி 1 மணிக்கு செல்போன் டார்ச்ச வாய்க்குள்ள அடிச்சி, நாக்க முடிஞ்ச மட்டும் வெளிய இழுத்து ஒரு போட்டோ, கீழ "அக்கா இது அதுவா?"ன்னு ஒரு மெசேஜ். மாசத்துக்கு ரெண்டு மூணு பேராச்சும் எனக்கு இப்டி அனுப்புறாங்க. நான் டாக்டர் கெடையாது, சென்னை பழைய வண்ணாரப்பேட்டைல ஒரு சின்ன பல் கிளினிக்ல 11 வருஷமா அசிஸ்டென்ட்டா இருக்கேன், டாக்டர் பக்கத்துல நின்னு லைட்டு புடிச்சி புடிச்சி வாய் பாக்க ஒரு கண்ணு பழகிடுச்சி, அவ்ளோதான். தனித்தனியா பதில் போட்டு கை வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

மொதல்ல இத மனசுல வச்சிக்கோங்க. வாய பாத்து எச்ஐவி இருக்குன்னோ இல்லன்னோ எந்த கொம்பனாலயும் சொல்ல முடியாது. ரத்தம் எடுத்து பாத்தாதான் தெரியும். வாய் என்னா பண்ணும்னா, "போய் ரத்தம் குடுத்துட்டு வா"ன்னு மட்டும் சொல்லும். இன்னொன்னு, எல்லாரும் "ஆரம்ப அறிகுறி ஆரம்ப அறிகுறி"ன்னு தேடுறாங்க இல்ல, வாய்ல அறிகுறி ரெண்டு நேரத்துல வரும். கிருமி உள்ள பூந்து 2 லேருந்து 4 வாரத்துக்குள்ள சில பேருக்கு காய்ச்சல், தொண்ட வலி, கழுத்துல நெறி கட்டுறது, ஒடம்புல சிவப்பு தடிப்பு, கூடவே வாய்ப்புண்ணு வரும், வைரல் ஃபீவர்னு நெனச்சி ஒரு மாத்திரைய போட்டுட்டு மறந்துடுவாங்க, அதுவும் தானா போயிடும். சில பேருக்கு ஒண்ணுமே வராது. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா வாய் கம்முனு இருக்கும். எதிர்ப்பு சக்தி நல்லா எறங்குனதுக்கு அப்புறம்தான் நாக்குல வெள்ளை, ஈறுல பிரச்சனை எல்லாம் தலை காட்டும். அதனால "என் நாக்கு பளிச்சுன்னு இருக்கு, எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு நெனைக்கிறதும் தப்பு கணக்கு.

சரி, பாக்குறது எப்படி. ராத்திரி டியூப்லைட்ல பாக்காதீங்க, காலைல டீ குடிக்கிறதுக்கு முன்னாடி, வெளிச்சம் வர்ற ஜன்னல் பக்கம் ஒரு கண்ணாடி வச்சிக்கோங்க. வெறும் தண்ணில வாய நல்லா கொப்பளிங்க. காவி கலர் பாக்கு கறையும் காபி கறையும் இருந்தா ஒண்ணும் புரியாது. கைய கழுவிட்டு, ஒரு சுத்தமான ஸ்பூனு, ஒரு சின்ன வெள்ளை காட்டன் துணி. ஸ்பூனோட பின்பக்கத்தால கன்னத்த ஒதுக்கி ரெண்டு பக்கமும் உள்ள பாருங்க, அப்புறம் ஒதட்ட மடிச்சி ஈறு, அப்புறம் தலைய அண்ணாந்து மேலண்ணம். நாக்கு நுனிய துணியால புடிச்சி மெதுவா இடது பக்கம் இழுத்து வலது ஓரத்த பாருங்க, அப்புறம் மாத்தி. இந்த ஓரத்ததான் யாருமே பாக்க மாட்டாங்க, நாக்க நேரா நீட்டி ஆ காட்டிட்டு முடிஞ்சிதுன்னு போயிடுவாங்க. கடைசியா நாக்க மேல தூக்கி அடிப்பக்கம்.

இப்போ பயப்பட வேணாதது. நாக்கு மேல பின்பக்கம், தொண்டைக்கு கிட்ட, குண்டு குண்டா ஒரு வரிசை தெரியும், வி எழுத்த தலைகீழா போட்ட மாதிரி. அது பொறக்கும்போதே இருக்குறது, ருசி பாக்குறதுல அதுக்கும் பங்கு இருக்கு. எனக்கு வர்ற போட்டோல பாதி இதுதான். கன்னத்துக்குள்ள பல்லு கடிக்கிற லைன்ல வெள்ளையா ஒரு கோடு, அதுவும் நெறைய பேருக்கு உண்டு. ஒதட்டுக்குள்ள ரவை ஒட்டுன மாதிரி மஞ்சளா புள்ளி புள்ளியா இருக்கும், எண்ணெய் சுரப்பி அது. நாக்கு மேல மேப்பு வரைஞ்ச மாதிரி சிவப்பு திட்டு வந்து, அடுத்த வாரம் எடம் மாறிடும், அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல. காலைல நாக்கு நடுவுல மெலிசா படிஞ்சிருக்குற வெள்ளையும் டங் கிளீனர் போட்டா போயிடும்.

பாக்க வேண்டியதுல மொதல் நம்பர் பூஞ்சை. தயிர் ஏட்ட பிச்சி பிச்சி ஒட்ட வச்ச மாதிரி கன்னத்துல, மேலண்ணத்துல, நாக்குல வெள்ளையா இருக்கும். அந்த துணியால லேசா தொடச்சா வழண்டு வரும், அடில செக்கச்செவேல்னு இருக்கும், சில நேரம் லேசா ரத்தம் கசியும். வெள்ளையே இல்லாம வெறும் சிவப்பு திட்டா, மேலண்ணத்துலயும் நாக்கு நடுவுலயும் வர்றதும் உண்டு, அது காரம் பட்டா எரியும். வாயோட ரெண்டு ஓரமும் வெந்து வெடிச்சி ஆறாமயே இருக்குறதும் இதே குடும்பம்தான்.

எங்க கிளினிக்குக்கு ஒரு அண்ணன் வந்தாரு, எம்.சி. ரோடு பக்கம் டைலர் கடை. "மீன் கொழம்பு வாய்ல வைக்க முடியலமா, நெருப்பா எரியுது"ன்னாரு. மெடிக்கல்ல கேட்டு மூணு மாசமா பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டுனு இருந்திருக்காரு, நடுவுல யாரோ ஒரு சொட்டு மருந்து குடுத்து, போட்டா சரியாவும், விட்டா பத்து நாள்ல திரும்ப வரும். டாக்டர் லைட்ட அடிச்ச ஒடனே நானே பாத்தேன், மேலண்ணம் முழுக்க தயிர். டாக்டர் எச்ஐவின்னு வாயே தொறக்கல, மொதல்ல சுகர் எழுதி குடுத்தாரு. ஏன்னா சுகர் கட்டுக்கு அடங்காதவங்களுக்கும், பல் செட்டு ராத்திரி கூட கழட்டாதவங்களுக்கும், வீசிங்குக்கு ஸ்டீராய்டு பஃப் அடிச்சிட்டு வாய் கொப்பளிக்காதவங்களுக்கும், ஆன்டிபயாட்டிக் நெறைய போட்டவங்களுக்கும் இதே வெள்ளை வரும். பொறந்த கொழந்தைக்கே வரும். அவருக்கு சுகர் நார்மல், பல் செட்டு இல்ல, வீசிங் இல்ல. காரணமே இல்லாம பெரியவங்களுக்கு பூஞ்சை திரும்ப திரும்ப வந்தா அப்போதான் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். பண்ணாரு, பாசிட்டிவ்னு வந்துச்சி. இத படிச்சி பயந்துடாதீங்க, அவர் கதைய கீழ முடிக்கிறேன்.

ரெண்டாவது, நான் சொன்னேன்ல, அந்த நாக்கு ஓரம். அங்க வெள்ளையா, மேலருந்து கீழ கோடு கோடா, துணி மடிப்பு மாதிரி சொரசொரன்னு இருந்து, எவ்ளோ தொடச்சாலும் வரலைன்னா அது வேற. வலியும் இருக்காது, அதனால யாரும் கண்டுக்க மாட்டாங்க. எதிர்ப்பு சக்தி எறங்குனா உள்ள தூங்கினு இருக்குற வேற ஒரு வைரஸ் எழுந்து பண்ற வேல அது. கூர் பல்லு ஒரசினாலும் அந்த எடத்துல வெள்ளை வரும், புகையில போடுறவங்களுக்கும் வரும், எதுன்னு பல் டாக்டர்தான் பிரிச்சி சொல்லணும்.

ஈறுல, பல்லு ஓரமா சிவப்பு ரிப்பன் ஒட்டுன மாதிரி ஒரு கோடு, கிளீனிங் பண்ணியும் போகல. இல்ல ரெண்டு பல்லுக்கு நடுவுல ஈறு முனை அரிச்சி போயி, தாங்க முடியாத வலி, பக்கத்துல நிக்க முடியாத வாடை. வாய்ப்புண்ணு எல்லாருக்கும் வரும், ஆனா சாதாரண புண்ணு ஒரு வாரம் பத்து நாள்ல ஆறிடும், காசு சைஸுக்கு பெருசா வந்து வாரக்கணக்குல ஆறாதது, ஒதட்டுல அக்கி மாதிரி கொப்புளம் வந்து ஒரு மாசம் தாண்டுறது இதெல்லாம் காட்டணும். மேலண்ணத்துல ஊதா கலர் திட்டு வந்தாலும் காட்டுங்க, நம்ம பக்கம் அது அபூர்வம். முழுங்கும்போது நெஞ்சுக்குள்ள குத்துற மாதிரி வலிச்சா மட்டும் நாள் கடத்தாதீங்க, பூஞ்சை உணவுக்குழாய்க்கு எறங்கி இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி. மத்தபடி எங்க டாக்டர் சொல்றது ஒரே கணக்கு, வாய்ல எதுவா இருந்தாலும் ரெண்டு வாரம் தாண்டி இருந்தா காட்டிடு.

டெஸ்ட்டு எங்க பண்றதுன்னா, கவர்மென்ட் ஆஸ்பத்திரில "நம்பிக்கை மையம்"னு போர்டு இருக்கும். நம்ம சைடுல ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கே, பஸ் புடிச்சா பத்து நிமிஷம். தெரிஞ்சவன் எவனாச்சும் பாத்துடுவான்னு கூச்சமா இருந்தா சென்ட்ரல் எதிர்ல ஜிஎச்சுக்கு போங்க, அங்க இருக்குற கூட்டத்துல யார் யார பாக்க போறா. காசு கெடையாது. மொதல்ல கவுன்சிலர் தனியா உக்கார வச்சி பேசுவாங்க, அப்புறம் ரத்தம், ரிசல்ட்டயும் தனியாதான் சொல்லுவாங்க. ஒரு எடத்துல, பேரு வேணாம், ஹால்ல எல்லார் முன்னாடியும் ஒருத்தர் ரிசல்ட்ட சத்தமா படிச்சாங்க, இன்னிக்கு நெனச்சாலும் வயிறு எரியுது. 2017ல எச்ஐவிக்குன்னு தனி சட்டமே போட்டிருக்காங்க, ஒங்கள கேக்காம டெஸ்ட் பண்ணவும் கூடாது, வெளிய சொல்லவும் கூடாது, பாசிட்டிவ்னு வேலைய விட்டு தூக்கவும் கூடாது. நேர்ல போறதுக்கு முன்னாடி பேசணும்னா 1097 எச்ஐவி ஹெல்ப்லைனுக்கு போன் அடிங்க, ஃப்ரீ.

ஒரு விஷயம். போன வாரம் ஏதோ நடந்துட்டு இன்னிக்கு டெஸ்ட் பண்ணி நெகட்டிவ் வந்தா கணக்குல சேராது. கிருமிக்கு எதிரா ஒடம்பு உண்டாக்குற ஆன்டிபாடிய பாக்குற டெஸ்ட்ல தெரிய 3 மாசம் வரைக்கும் ஆகலாம், அதனால 3 மாசம் முடிஞ்சி இன்னொரு வாட்டி பண்ணணும். நேத்து முந்தாநாள் நடந்திருந்தா நாக்க பாத்துனு உக்காராதீங்க, 72 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போனா தடுக்குற மாத்திரை 28 நாளைக்கு குடுப்பாங்க, எவ்ளோ சீக்கிரம் போறீங்களோ அவ்ளோ நல்லது.

அப்புறம் எச்சில்ல ஒட்டாது. ஒரே டம்ளர், ஒரே தட்டு, முத்தம், எதுலயும் ஒட்டாது. டைலர் அண்ணன் வீட்ல கொஞ்ச நாள் அவருக்கு தனி சொம்பு வச்சாங்களாம், கவுன்சிலர் கூப்ட்டு பேசுன அப்புறம் எடுத்துட்டாங்க. அவருக்கு எச்ஐவிய அடக்கி வைக்கிற ஏஆர்டி மாத்திரை ஃப்ரீயா தர்றாங்க, நம்ம நாட்டுல 2004லேருந்து கவர்மென்ட்டே குடுக்குது. அந்த வெள்ளை எல்லாம் போச்சி. ஒழுங்கா போட்டு ரத்தத்துல வைரஸ் தெரியாத அளவுக்கு எறங்கி அப்டியே இருந்தா, படுக்கைல கூட அடுத்தவங்களுக்கு பரவாது, இத நெறைய பேரு இன்னும் நம்ப மாட்றாங்க. நாட்டுலயே மொதல்ல இந்த கிருமிய கண்டுபுடிச்சதே நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் டாக்டர் சுனிதி சாலமன் டீம்தான், 1986ல, நாப்பது வருஷம் பக்கம் ஆச்சி, இன்னும் தனி சொம்பு. அண்ணன் போன மாசம் ஸ்கேலிங் பண்ண வந்தாரு, மீன் கொழம்புல இப்போ காரம் பத்தலன்னு வீட்ல சண்ட போடுறாராம்.

இத எழுத வச்ச தம்பி காசிமேட்டுல ஐஸ் லோடு ஏத்துறவன். "அக்கா நாக்கு பின்னாடி குண்டு குண்டா இருக்கு"ன்னு நாலு நாளா தூங்கல. நேர்ல வர சொன்னேன். அது அந்த வி வரிசைதான். ஸ்டான்லில டெஸ்ட்டும் பண்ணிட்டான், நெகட்டிவ், ஆனா எங்க டாக்டர் வாய தொறக்க சொன்னா ரெண்டு வெரலுக்கு மேல தொறக்கல. மாவா, அதான் பாக்கும் புகையிலயும் கலந்தது, அடக்குற கன்னத்த ஸ்பூனால ஒதுக்குனா வெளுத்து, நார் நாரா எறுகி போயிருக்கு. ஆறு வருஷமா போடுறானாம். அத அவன் கண்ணாடில பாக்கவே இல்ல. பல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு எழுதி குடுத்திருக்கு, திங்கக்கெழம காலைல ஓபி சீட்டு போட நானும் கூட போறேன், இல்லன்னா போக மாட்டான் அவன்.