கச்சான் காற்றில் விதைக்காதீர்கள்

2022 ஆனி மாதம் இலங்கையில் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்தார்கள். வீட்டில் ஏதாவது பயிர் செய்யுங்கள் என்று தந்த லீவு அது. நான் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். வீடு திருகோணமலையில் திருக்கடலூருக்குக் கிட்ட, வளவு முழுக்கக் கடல் மணல். பச்சை மிளகாய் நூறு கிராம் வாங்கவே யோசித்த காலம் என்பதால் முதல் வெள்ளிக்கிழமையே மண்வெட்டியை எடுத்து, குசினிக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடி கொத்தி, வெண்டி, கத்தரி, பயிற்றை எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டேன். வெண்டி ஐந்தாம் நாள் முளைத்தது. பதினைந்தாம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. கச்சான் என்ற வறண்ட கோடைக் காற்று அடிக்கிற காலம், பதினொரு மணிக்குமேல் வெறுங்காலுடன் அந்த மணலில் நிற்க முடியாது. அதில் இரண்டு இலைப் பிஞ்சு எப்படி நிற்கும்?

மாமி வந்து பார்த்துவிட்டு, "கச்சான் அடிக்கிற நேரம் ஆரும் விதை போடுவினமா பிள்ளை? ஆவணி கழியட்டும்" என்றார். திருகோணமலையில் தோட்டம் தொடங்க நினைக்கிற எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நமக்குப் பெரிய மழை ஐப்பசிக்குப் பிறகுதான். ஆடியும் ஆவணியும் மண்ணுக்கான மாதங்கள். புரட்டாசி நடுவில் கத்தரி, மிளகாய்க்கு நாற்றுமேடை. முதல் மழை மண்ணுக்குள் இறங்கிய பிறகு நாற்றை நடுவது, வெண்டியையும் பயிற்றையையும் நேரடியாக ஊன்றுவது. இந்த ஒழுங்கைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

மண் வேலையை அவசரப்படுத்தாதீர்கள். கடல் மணலில் ஊற்றுகிற தண்ணீரும் நிற்காது, போடுகிற பசளையும் நிற்காது. நான் செய்வது இப்படி. ஒவ்வொரு கத்தரிக்கும் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி. தேங்காய்ப் பொச்சை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, குழிந்த பக்கம் மேலே பார்க்கிற மாதிரி அடியில் இரண்டு வரிசை அடுக்க வேண்டும். கிண்ணம் மாதிரி அது தண்ணீரை ஏந்திக்கொள்ளும். அதன்மேல் வேலியில் வெட்டிய கிளிசறியா இலை, பிறகு மாட்டெருவும் தோண்டிய மணலும் சரிக்குச் சரி கலந்து. மாட்டெரு நன்றாக உலர்ந்து உதிர்ந்ததாக இருக்க வேண்டும். பச்சைச் சாணம் வேரைச் சுட்டுவிடும். தம்பலகாமத்திலிருந்து வருகிற ஒருவரிடம் ஆறு உரப்பை வாங்கினேன், இரண்டு போகத்துக்குக் காணும்.

குழியை நிரப்பி மூன்று கிழமை ஈரம் காயாமல் விட்டு, பிறகு கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பாருங்கள். உள்ளே சூடு இருந்தால் இன்னும் ஒரு கிழமை பொறுக்க வேண்டும். சூடு அடங்கி, கையை முகர்ந்தால் முதல் மழை மணக்கிற மாதிரி மணந்தால் நடலாம். அந்த மணம் வந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, மாமியைக் கூப்பிட்டு அவர் மூக்கருகிலும் கையை நீட்டினேன்.

மாரியில் பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் கார்த்திகை மழையில் வேர் அழுகும். கோடையில் அதையே பள்ளமாக்கி, தண்ணீர் தேங்குகிற மாதிரி வரம்பு கட்ட வேண்டும். கத்தரிக்கு இரண்டு அடி இடைவெளி. நாற்றைப் பின்னேரம் நடுங்கள், நட்டு மூன்று நாளைக்குக் கிடுகால் நிழல் கொடுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. கடற்கரைக்குக் கிட்டக் கிணறு இருந்தால், ஊற்றும் முன் ஒரு மிடறு வாயில் வைத்துப் பாருங்கள். எங்கள் கிணறு மாரியில் நல்ல தண்ணீர், மழை நின்று சில மாதத்தில் உவர்க்கத் தொடங்கும். அதை ஊற்றிய ஒரு முறை பயிற்றை இலைகளின் ஓரம் முழுக்கத் தணல் பட்டது போலக் கருகியது. இப்போது உவர்த் தண்ணீர் தென்னைக்கு மட்டும். பிஞ்சுகளுக்குக் குழாய்த் தண்ணீர், காலையில் எட்டு மணிக்கு முன்னால். ஊற்றியதும் அடியைக் காய்ந்த இலையாலோ வைக்கோலாலோ மூடிவிடுங்கள்.

எங்கள் ஊரில் மான் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை, பஸ் ஸ்டான்ட் பக்கமும் வரும், இரவில் ஒழுங்கைக்குள்ளும் வரும். பயிற்றைக் கொழுந்து என்றால் அதற்கு உயிர். பக்கத்து வீட்டு அண்ணன் கடலுக்குப் போகிறவர், கிழிந்த வலை ஒன்றைத் தந்தார். நான் அதைக் கம்புகளில் தொளதொளவென்று போட்டுவிட்டேன். மார்கழியில் ஒரு இரவு வேலிப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒரு ஆண் மான், கொம்பில் வலை சுற்றி, கண் வெளுத்து நடுங்குகிறது. என் கணவர் சாக்கை அதன் முகத்தில் போட்டுப் பிடிக்க, நான் கத்தியால் வலையை அறுத்தேன். முக்கால் மணி நேரம் எடுத்தது. அதன் கழுத்து என் முழங்கையில் பட்டபடி அடித்துக்கொண்டிருந்தது. வலை கட்டுவதென்றால் மேலும் கீழும் கயிறு ஓட்டி, தட்டினால் அதிரும் அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். தொங்கல் வைக்கவே வேண்டாம். பயிற்றையும் பாகலும் ஏறுவதற்கும் அப்படி இறுகிய வலைதான் நல்லது.

பூச்சிக்கு நான் மருந்து வாங்கியதில்லை, தினமும் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு சுற்று நடக்கிறேன். பயிற்றை நுனியில் கறுப்பாக அழுக்கணவன் என்ற சின்னப் பூச்சி மொய்த்தால் விரலால் வழித்துவிட்டு, பனி காயுமுன் அடுப்புச் சாம்பல் தூவுவேன். வெண்டி இலையின் நரம்பு மஞ்சளானால் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், வெள்ளை ஈ அந்த நோயை மற்றச் செடிக்குக் கொண்டுபோகும். கத்தரியில் மற்றெல்லாம் நிமிர்ந்து நிற்க ஒரு நுனி மட்டும் தலை தொங்கினால், தண்ணீர் காணவில்லை என்று நினைக்காதீர்கள். அந்தத் தண்டை நகத்தால் பிளந்தால் உள்ளே ஒரு புழு இருக்கும். வாடிய இடத்துக்கு இரண்டு விரல் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். பக்கத்தில் புதுத் துளிர் வரும். மிளகாய் இலை சுருண்டால் ஒரு கொப்பை முறித்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். போக முடியாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கம் இருக்கிறது.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு கத்தரி, பத்து வெண்டி, பதினைந்து பயிற்றை போதும். கூட நட்டால் பார்க்க நேரம் காணாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கத்தரியும் ஹரித என்ற வெண்டியும் எனக்குச் சரிவந்தன. வெண்டி ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும், இரண்டு நாளுக்கு ஒருமுறை பிடுங்க வேண்டும். நுனியை விரலால் முறித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் அது முற்றல். முதல் நாள் எனக்குக் கிடைத்தது ஏழு வெண்டிக்காய். பால்கறி வைத்தோம்.

காய்ப்பு நன்றாக இருக்கும்போதே, நோயில்லாத ஒரு வெண்டிச் செடிக்குச் சிவப்பு நூல் கட்டி, அதில் இரண்டு மூன்று காயைப் பிடுங்காமல் விட்டுவிடுங்கள். செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கியதும் எடுத்து, விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து மூடி இறுகிய போத்தலில் போட்டு, மாதத்தை எழுதி ஒட்டுங்கள். கலப்பின விதையாக இருந்தால் மட்டும் இது சரிவராது. என்னுடைய போத்தல் குசினித் தட்டில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆவணி கழிய எடுப்பேன்.