ஊட்டியில் கல்யாணமா? மெனு எழுதும் முன் ஒரு நிமிடம்

கீழே இருந்து சமையல்காரரை அழைத்து வருபவர்களுக்குத்தான் இது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த அண்டாவில் துவரம்பருப்பு லேசில் வேகாது. முன்கூட்டியே ஊறவைத்து, பெரிய குக்கரில் வேகவையுங்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இது தெரியாமல் முதல் பந்தியே முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. சம்பந்தி வீட்டுப் பெரியப்பா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இட்லி மாவும் குளிரில் சீக்கிரம் பொங்காது. முந்தின நாள் காலையிலேயே அரைத்து, அடுப்பு எரியும் அறையில் வையுங்கள். இல்லையா, பூரியும் ரவா கிச்சடியும் போதும். நெய் மிதக்கும் வெண்பொங்கலை நான் சேர்க்கவே மாட்டேன்; ஆறினால் நெய் உறைந்து கட்டியாகிவிடும். சாம்பார், ரசம் எல்லாம் சின்னச் சின்ன வாளிகளில், அடுப்பிலிருந்து நேராகப் பந்திக்கு வரட்டும்.

கேரட், பீன்ஸ், பீட்ரூட், கோஸ், உருளை எல்லாம் இங்கே விளைபவை, பொரியலை அவற்றிலேயே முடித்துவிடலாம். படகர் வீட்டுப் பாணியில் ஒரு அவரைக் குழம்பு வைத்தால் விருந்தினர் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். வாழையிலை, தேங்காய், முருங்கைக்காய் மட்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து முந்தின நாளே மேலே வந்துவிட வேண்டும்.

அப்புறம், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. டம்ளருக்குச் சொல்லிவிடுங்கள். ஐஸ்கிரீமுக்குப் பதில் சுக்குக் காப்பி.