எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தாம்பத்திய உறவு: தொடங்குவது எப்படி?

“எப்போதிலிருந்து சேர்ந்து இருக்கலாம்?” என்ற கேள்வியை டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டே பலர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அப்புறம் ஒன்று, பயந்துகொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இல்லையென்றால் அவசரப்பட்டு வலியோடு நிறுத்துகிறார்கள். இரண்டும் வேண்டாம். கீழே உள்ள வரிசைப்படி போனால் போதும். உங்கள் டாக்டர் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் முதலில்.

படி 1: கருத்தடையை முடிவு செய்யுங்கள்

நாள் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தால், குறைந்தது 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். எடை வேகமாக இறங்கும் அந்தக் காலத்தில் தாய்க்கே சத்து பற்றாக்குறையாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், எடை குறையக் குறையக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்து மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தவர்களுக்குச் சில மாதங்களிலேயே கருமுட்டை வெளியாகத் தொடங்கலாம். “நமக்குத்தான் இத்தனை வருஷமாக நிற்கவில்லையே” என்ற கணக்கு இங்கே செல்லாது.

கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருப்பதும் சரிப்படாது. இரைப்பை பைபாஸ் (உணவு குடலின் ஒரு பகுதியைத் தாண்டிப் போகும்படி செய்யும் எடை குறைப்பு அறுவை) செய்தவர்களுக்கு மாத்திரை உடலில் சேரும் அளவு குறையலாம். வாந்தி, பேதி இருந்தால் இன்னும் மோசம். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி, ஹார்மோன் லூப், கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்ப்ளான்ட் ஆகியவை வயிற்றை நம்பி இல்லாதவை. எது பொருந்தும் என்று மகப்பேறு மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை ஆணுறை.

படி 2: உடம்பைச் சோதித்துப் பாருங்கள்

லேப்ராஸ்கோப்பி என்ற துளைவழி அறுவையில் சில சிறு துளைகள்தான். வெளிக்காயம் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் எல்லாம் ஆறிவிட்டது போலத் தோன்றும். உள்ளே இரைப்பையில் போட்ட தையலும் வயிற்றுத் தசையும் ஆற இன்னும் நாளாகும். உறவைத் தொடங்கப் பொதுவாக இரண்டிலிருந்து ஆறு வாரம் போகட்டும் என்பார்கள். திறந்த அறுவை சிகிச்சை என்றால் கூடுதலாகும்.

வாரக்கணக்கை விட உடம்பே நல்ல சாட்சி. இரண்டு மாடி ஏறினால் வலியோ பெரிய மூச்சிரைப்போ இல்லை. இருமும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பக்கவாட்டில் திரும்பிப் படுத்தால் இழுப்பதில்லை. காயத்தில் சிவப்போ கசிவோ இல்லை. வலி மாத்திரை இல்லாமல் நாள் ஓடுகிறது. இவ்வளவும் சரி என்றால் மறுபரிசோதனையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

படி 3: துணையிடம் முன்கூட்டியே பேசுங்கள்

படுக்கையில் போய்ப் பேசாதீர்கள்; பகலில், சாதாரணமாக. எங்கே தொட்டால் வலிக்கும், எது வேண்டாம், “நிறுத்து” என்றால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் துணைக்குத்தான் பயம் அதிகம், எங்கே தையல் பிரிந்துவிடுமோ என்று. அவர் விலகி இருப்பதை வெறுப்பு என்று நீங்கள் எடுத்துக்கொள்ள, தேவையில்லாத மனக்கசப்பு வரும். முதல் சில நாட்கள் அணைத்துக்கொண்டு படுப்பது, தடவிக்கொடுப்பது என்பதோடு நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை.

படி 4: நேரம்

சாப்பிட்ட கையோடு வேண்டாம், ஒன்றிரண்டு மணி நேரம் போகட்டும். ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக் குழாய் போல ஆக்கும் அறுவை) செய்தவர்கள் உடனே படுத்தால் நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் வரலாம். களைப்பாக இருக்கும் இரவை விட ஓய்வெடுத்து எழுந்த காலை நல்லது. தண்ணீரை நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடித்திருங்கள். ஒரேயடியாகக் குடிக்க இப்போது வயிறு இடம் தராது.

படி 5: வயிற்றில் பாரம் விழாத நிலை

முதலில் இருவரும் பக்கவாட்டில் படுத்திருப்பதே வசதி. ஒருவர் முதுகை ஒட்டி மற்றவர் படுத்தால் வயிற்றை எதுவும் அழுத்தாது. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள், வயிற்றுத் தசை தளரும். துணையின் எடை உங்கள் வயிற்றில் இறங்கக் கூடாது. கையை ஊன்றி உடம்பைத் தூக்கும் வேலை, தம் பிடித்து முக்கும் வேலை இரண்டையும் தள்ளிவையுங்கள். துளை போட்ட இடத்தில் குடலிறக்கம் வரக்கூடும்.

வறட்சி இருந்தால் எண்ணெய் இல்லாத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (water-based) லூப்ரிகன்ட் என்ற வழவழப்பு ஜெல் போதும். எண்ணெய் தடவினால் லேடெக்ஸ் ஆணுறை கிழியலாம்.

லேசான இழுப்பு சகஜம். குத்தும் வலி என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். விடாத வயிற்று வலி, காய்ச்சல், ஓய்விலும் அடங்காத படபடப்பு, மூச்சுத்திணறல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம் என்று ஏதாவது வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 6: அடுத்த மாதங்களில்

எடை இறங்கியதும் தோல் தொங்கும். எல்லோரும் பாராட்டும்போதும் கண்ணாடி முன் கூச்சம் வருவது இதனால்தான். மங்கலான வெளிச்சம், மெல்லிய மேலாடை என்று உங்களுக்கு எது இதமோ அதைச் செய்யுங்கள். தோல் மடிப்புகளில் ஈரம் தங்கிப் புண்ணாகாமல் உலர்த்தி வையுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவு எடையோடு சேர்ந்து மாறும். பழைய அளவிலேயே தொடர்ந்தால் தலைசுற்றல் வரலாம். விறைப்புக்கான மாத்திரையை, முக்கியமாக இதய நோய்க்கு நைட்ரேட் எடுப்பவர்கள், தானாக வாங்கிப் போடவே கூடாது. மாதங்கள் போயும் ஆசையே இல்லை, எப்போதும் அசதி என்றால் மனசை மட்டும் குறை சொல்லாமல் இரும்பு, பி12, தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆண்கள் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம்.