அனாபிலஸ் வளர்ப்பு: கூண்டில் தெரியும், தட்டில் நடந்த தவறு

ஆய்வகத்தில் வளர்க்கும் அனாபிலஸ், அதாவது மலேரியாவைப் பரப்பும் கொசுக்கள், கூண்டில் கொத்தாக மடியும்போது எல்லோரும் கூண்டைத்தான் ஆராய்கிறார்கள். சர்க்கரைக் கரைசல் புளித்துவிட்டதா, ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனதா என்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பல நேரங்களில் சிக்கலின் வேர் ஒரு வாரத்துக்கு முன்பே, புழுக்கள் கிடந்த தண்ணீர்த் தட்டில் இருக்கும்.

முதல் குற்றவாளி, உணவை அள்ளிப் போடும் தாராள மனம். அனாபிலஸ் புழுவுக்கு, கியூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசுவின் புழுவுக்கு இருப்பதுபோல மூச்சுக்குழல் கிடையாது; நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்தபடியே மூச்சு விடும், அங்கே மிதப்பதையே தின்னும். மீன் உணவை மாவு போல அரைக்காமல் போட்டால் அது அடியில் தங்கி அழுகும். மேலே பாக்டீரியா ஏடு படரும், புழுக்கள் திணறிச் சாகும். முட்டையிலிருந்து அன்றுதான் வெளிவந்த புழுக்களுக்கு ஒரு சிட்டிகைகூட அதிகம். தண்ணீர் கலங்கினால் அன்றைய உணவை நிறுத்திவிட்டுப் புழுக்களைப் புதுத் தண்ணீருக்கு மாற்றுங்கள். பசித்த புழு மெதுவாக வளரும், அவ்வளவுதான். அழுகிய தட்டை மீட்க முடியாது.

நெரிசலும் இதே வகைதான். இடமின்றி வளர்ந்த புழு குள்ளக் கொசுவாகும். குறைவாக இரத்தம் குடிக்கும், குறைவாக முட்டையிடும். பூச்சிக்கொல்லிச் சோதனைக்கு 3 முதல் 5 நாள் வயதுள்ள, இரத்தம் குடிக்காத பெண் கொசுக்களைப் பொறுக்கி எடுத்தாலும், ஒரு தொகுதி குள்ளமாகவும் அடுத்தது பெரிதாகவும் இருந்தால் எதை எதனுடன் ஒப்பிடுவது?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை வளர்த்துப் பழகியவர்கள் முட்டையில் சறுக்குகிறார்கள். ஏடிஸ் முட்டையை உலர்த்தி மாதக்கணக்கில் வைக்கலாம். அனாபிலஸ் முட்டைக்கு அந்தப் பொறுமை இல்லை. தண்ணீர் சற்று வற்றினாலும் முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்துபோகும். உள்விளிம்பைச் சுற்றி ஈர வடிதாள் பட்டை ஒன்று போதும்.

முட்டைகள் நிறைய இருந்தும் பொரியவில்லையா? விளக்கைப் பாருங்கள். இவை அந்தி நேரத்தில் திரளாகப் பறந்து இணைசேரும் இனம். பொத்தானைத் தட்டியதும் இருட்டாகிவிடும் அறையில் அந்தியே கிடையாது; இணைசேராதவை இட்ட முட்டை பொரியாது. ஒளி படிப்படியாக மங்க வேண்டும். வெளியிலிருந்து புதிதாகப் பிடித்து வந்தவற்றுக்கு இது இன்னும் முக்கியம்.

பலர் பொருட்படுத்தாத ஒன்று: முதலில் கூட்டுப்புழுவானவற்றை மட்டும் கூண்டில் சேர்ப்பது. வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். தலைமுறைதோறும் அப்படிச் செய்தால் வேகமாக வளர்பவற்றை மட்டும் நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். பின்தங்கி வருபவற்றையும் சேருங்கள். பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்புத்திறன் உள்ள கால்வழியாக (தனியே பேணி வளர்க்கும் பரம்பரையாக) இருந்தால், மருந்தே படாத கூண்டில் அந்தத் திறன் மெல்லக் கரையக்கூடும். அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கலப்படம். நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்களான அனாபிலஸ் காம்பியேவையும் அனாபிலஸ் அராபியென்சிஸையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. மரபணுவைப் பார்க்கும் பிசிஆர் சோதனைதான் சொல்லும். இரண்டு தட்டுகளுக்கு ஒரே உறிஞ்சு குழாயைப் பயன்படுத்தினால், அதில் ஒட்டியிருந்த ஒற்றைப் புழு மாதக்கணக்கான உழைப்பைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு கால்வழிக்கும் தனிக் குழாய், தனி வலை, வேறு நிறச் சீட்டு வையுங்கள்.