கறுப்பு மையில் ஒரு பேய் ஷூட்டர்: நாங்கள் சொதப்பிய இடங்கள்

கையால் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து, பழைய டூம் கம்ப்யூட்டர் கேம் மாதிரி ஓடி ஓடிச் சுடும் ஒரு பேய் கேம் செய்யலாம் என்று நானும் நண்பனும் திருப்பரங்குன்றத்தில் ஒரு மொட்டை மாடியில் உட்கார்ந்து முடிவெடுத்தபோது எங்கள் கணக்கு ரொம்ப எளிமையாக இருந்தது. கலர் அடிக்க வேண்டாம், முப்பரிமாண மாடல் வேண்டாம், ஒரு கட்டு ஏ4 தாளும் நாலு கறுப்புப் பேனாவும் போதும், பாதி வேலை மிச்சம். இதுதான் முதல் தவறு. மற்றதெல்லாம் இது போட்ட குட்டிகள். சுவர் எது தரை எது, பேய் எது தூண் எது, மருந்து எது தோட்டா எது என்று விளையாடுகிறவருக்கு அரை நொடியில் சொல்லிக்கொடுப்பது கலர்தான். அதை எடுத்துவிட்டால் அத்தனையையும் வடிவமும் வெளிச்சமும் சொல்லியாக வேண்டும். மிச்சம் பிடித்த பாதி வேலை கொல்லைப்புற வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் முதல் லெவல், திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்விட்டு வந்த வேகத்தில் செய்த தூண் மண்டபம். அவ்வளவு பருமனான தூணுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றால் யாருக்குத் தெரியும், பேய்க்கு இதைவிட நல்ல இடம் எது? தாளில் பிரமாதமாக வந்தது. கேமில் ஏற்றி நடந்து பார்த்தால் தூணிலும் அதே குறுக்குக் கோடு, பின்சுவரிலும் அதே குறுக்குக் கோடு, எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போய் நனைந்து காய்ந்த செய்தித்தாள் மாதிரி இருந்தது. மூலை எங்கே திரும்புகிறது என்று தெரியாமல் நண்பன் சுவரில் முட்டிக்கொண்டே நின்றான். மறுபடி மகாலுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அங்கே தூணைத் தூணாகக் காட்டுவது முற்றத்திலிருந்து ஒரு பக்கமாக வந்து விழும் வெயில்.

1993 டிசம்பரில் வந்த டூமில் இதற்கு ஒரு சின்ன ஏமாற்று வேலை இருக்கிறது. வரைபடத்தில் நேர் கிழக்கு மேற்காக ஓடும் சுவரை எஞ்சின், அதாவது கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள், ஒரு படி இருட்டாகவும், நேர் வடக்கு தெற்காக ஓடும் சுவரை ஒரு படி வெளிச்சமாகவும் காட்டிவிடும். விளக்கு எங்கே இருக்கிறது என்ற கணக்கே கிடையாது, சும்மா திசையை வைத்து. 256 கலர் கையில் இருந்தவர்களுக்கே மூலை தெரிய இது தேவைப்பட்டிருக்கிறது என்றால் இரண்டே கலர் வைத்திருக்கும் நம் கதி என்ன? நாங்கள் ஒவ்வொரு சுவர்ப் படத்தையும் இரண்டு தடவை வரைந்தோம், ஒன்று நெருக்கமான கோடு, இன்னொன்று கலைந்த கோடு. திசை மாறினால் படம் மாறும். தரையில் கோடே போடவில்லை, ஓரத்தில் கொஞ்சம் கீறலோடு நிறுத்திக்கொண்டோம். அப்புறம் ஒரு சட்டம்: முழுக் கறுப்பு பேய்க்கும் கதவுக்கும் மட்டும்தான், சுவர் எவ்வளவு இருட்டானாலும் அந்தக் கறுப்புக்கு உரிமை கொண்டாடக் கூடாது.

அடுத்தது, நிறைய பேர் கேட்டால் கோபப்படுவார்கள், படம் ரொம்ப நன்றாக இருப்பதும் ஒரு தவறுதான். ஒரு கிழவிப் பேயின் முகத்தில் நான் நாலு நாள் உட்கார்ந்தேன். கன்னத்துச் சுருக்கம், தொங்கும் காதில் பாம்படம், பாம்படத்தின் முடிச்சு, எல்லாம் மெல்லிய பேனாவில். திரையில் அது 128 பிக்சல் உயரப் படம். மண்டபத்தின் அந்தக் கோடியில் அவள் வந்து நிற்கும்போது கிடைப்பது 12 பிக்சல். அந்தப் 12 பிக்சலுக்குள் என் நாலு நாளும் நசுங்கி, நடக்க நடக்க கொசு மொய்ப்பது மாதிரி மினுக்கியது. தூரத்துக்குச் சின்னப் படத்தை எஞ்சினே செய்துகொள்ளும் வசதியைப் போட்டால் மினுக்கல் நின்றது, ஆனால் கோடெல்லாம் கரைந்து சாம்பல் ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளை கேமில் சாம்பல் கிழவி.

இப்போது பேனாவை எடுப்பதற்கு முன்பே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, 16 பிக்சலுக்குச் சுருக்கி, வீட்டில் யாரிடமாவது காட்டி இது என்ன என்று கேட்பேன். "ஏதோ ஒரு ஆளு குனிஞ்சு நிக்கான்" என்று பதில் வந்தால் போதும், பேய் தேறியது. கண்மாய்க் கரையில் தூரத்தில் வருகிற ஆளை நாம் முகத்தை வைத்தா அடையாளம் காண்கிறோம், நடையையும் தோள்துண்டையும் வைத்துத்தானே. வெளிக்கோடு தடிமனாக, அதற்கும் வெளியே ஒரு பிக்சலோ இரண்டு பிக்சலோ வெள்ளை விளிம்பு, நுணுக்கம் எல்லாம் கண்ணிலும் கையிலும் மட்டும். அந்த வெள்ளை விளிம்பு இல்லாவிட்டால் கறுப்புப் பேய் கறுப்புக் கதவு முன்னால் வந்ததும் காணாமல் போகும், அது பயமாக இருக்காது, எரிச்சலாக இருக்கும்.

கணக்குப் போடாமல் வரையத் தொடங்காதீர்கள். இந்த மாதிரி கேமில் பேய் ஒரு தட்டையான படம், நீங்கள் சுற்றி வர வர எஞ்சின் படத்தை மாற்றும். டூம் முறையில் எட்டுத் திசை, ஆனால் வலப்பக்கத்தைத் திருப்பிப் போட்டால் இடப்பக்கம் என்பதால் ஐந்து வரைந்தால் போதும். நடைக்கு 4, தாக்குதலுக்கு 3, அடிபட 1, ஆக 8 நிலை, ஐந்து திசைக்கு 40 படம், சாவதற்கு ஒரே திசையில் 5, மொத்தம் 45. இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுத்தான் எங்கள் பேயின் வலது கையில் ஓர் அரிவாளைக் கொடுத்தேன். திருப்பிப் போட்டதும் அரிவாள் இடது கைக்குப் போய்விட்டது. சுற்றிச் சுற்றி ஓடினால் பேய் சர்க்கஸ்காரன் மாதிரி கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறது. சரி செய்ய எட்டுத் திசையும் வரைந்தால் 69 படம். ஒரு அரிவாளுக்காக 24 படம் கூடுதல். கடைசியில் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வைத்தோம், பார்க்கவும் அதுதான் கொடூரமாக இருந்தது.

உயரம் பற்றியும் ஒரு வார்த்தை. டூம் 320க்கு 200 பிக்சலில் ஓடியது, அதை 4:3 திரையில் நிரப்பியதால் ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உயரம். டூமிலிருந்து வளர்ந்த ஜிஇசட்டூம் எஞ்சின் அந்த வழக்கத்தை இன்றும் காப்பாற்றுகிறது, நீங்கள் மாற்றச் சொன்னால் ஒழிய. தெரியாமல் நான் வரைந்த குள்ளச் சாத்தான் கேமில் வளர்த்தியான மாப்பிள்ளையாக வந்து நின்றது. கொடோட் மாதிரி வேறு எஞ்சினில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை, அங்கே வேறொன்று: அண்ணாந்து பார்த்தால் தட்டைப் படமும் சேர்ந்து மல்லாக்கச் சாயும். படம் செங்குத்து அச்சில் மட்டும் திரும்பும்படி பூட்டிவிட்டால் தீர்ந்தது.

ஸ்கேன் விஷயத்தில் பட்டது தனிக் கதை. 40 தாளைக் கொண்டுபோய் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். பத்திரம், ஜாதகம் எல்லாம் ஸ்கேன் பண்ணும் அதே பழக்கத்தில் எழுத்துக்கான அமைப்பில் போட்டு, நன்றாக அமுக்கி ஒரே பிடிஎஃப் ஆகக் கொடுத்தார்கள். நெருக்கமான கோடு எல்லாம் மைக் கட்டி, தனிக் கோட்டைச் சுற்றி அழுக்குப் புள்ளி. அவர்கள் மேல் தப்பில்லை, கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. சாம்பல் நிறப் படமாக, 600 டிபிஐ, பிஎன்ஜி அல்லது டிஃப், தாளுக்கு ஒரு ஃபைல். கறுப்பா வெள்ளையா என்ற முடிவை உங்கள் கம்ப்யூட்டரில் நீங்களே எடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அதன் மை ஸ்கேனில் பாதி சாம்பலாகத்தான் வரும், எதுவரை கறுப்பு எதுவரை வெள்ளை என்று எல்லை வைக்கும்போது கோடு அறுந்து அறுந்து போகும். பின்னணியை நீக்கும்போது ஓரத்தில் பாதி ஒளிபுகும் பிக்சல் ஒன்றுகூட விடாதீர்கள்.

நிழலைக் கையால் கட்டாமல் புள்ளி வைத்துக் கட்டும் டித்தரிங் முறைக்குப் போகிறவர்களுக்கு வேறு ஆபத்து. எந்தப் புள்ளி எந்த வரிசையில் கறுக்க வேண்டும் என்று சொல்லும் 4க்கு 4 எண் கட்டம் (பேயர் கட்டம் என்பார்கள்) வைத்தால் வெறும் கறுப்பு வெள்ளையிலேயே 17 நிழல் படி கிடைக்கும், ஆசை வரும்தான். ஆனால் புள்ளிக் கட்டத்தைத் திரையோடு ஒட்டிவிட்டால், தலையைத் திருப்பும்போது உலகம் நகரும், புள்ளி நகராது, அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி ஆகித் தலை வலிக்கும். 2018ல் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் செய்த லூகஸ் போப் இதோடு மல்லுக்கட்டி, பார்ப்பவரைச் சுற்றி ஒரு கோளம் இருப்பதாகக் கற்பனை செய்து அதன் மேல் புள்ளிகளை ஒட்டினார். அது நிதானமாக நடந்து பார்க்கும் கேம். நம்முடையதில் ஆள் சுழன்று சுழன்று சுடுவான், அதனால் இந்தப் பிரச்சினை நமக்கு இன்னும் கடுமை.

சாவி! டூமில் சிவப்பு, நீலம், மஞ்சள் சாவிகள். யோசிக்காமல் நாங்களும் மூன்று சாவி வைத்து, மூன்றும் கறுப்பாக இருப்பதை லெவல் முடித்த பிறகுதான் கவனித்தோம். இப்போது வேல், மணி, சூலம். கதவிலும் அதே உருவம் பெரிதாக. மருந்தும் தோட்டாவும் அப்படித்தான், ஒன்று உருண்டை, ஒன்று பெட்டி. ரத்தத்துக்கு மட்டும் சிவப்பு வைத்துக்கொள்ளலாமே என்று உங்கள் நண்பர் சொல்வார். எனக்கு உடன்பாடில்லை, ஒரு சொட்டு சிவப்பு வந்ததும் கண் அதைத் தவிர வேறு எதையும் பார்க்காது. அடிபட்ட பேயை இரண்டு ஃப்ரேம் மட்டும் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிக் காட்டுங்கள், குண்டு பட்டது கைக்கே தெரியும்.

இனி பயம். இந்த வகை கேமில் ஆள் வேகமாக ஓடுவான், கையில் துப்பாக்கி, ஆகவே பேயை வெறுமனே காட்டினால் பயம் வராது, குறி பார்க்கத்தான் தோன்றும். கதவைத் திறந்ததும் மூஞ்சிக்கு முன்னால் குதிக்கும் பேய் மூன்று முறைக்கு மேல் செல்லாது. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியைப் பாருங்கள். கும்பிட உருவம் கிடையாது, சந்தனம் பூசிய பெரிய கதவு, பெரும்பாலும் பூட்டியே இருக்கும், அந்தக் கதவுதான் சாமி. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய ஊரில் எவனுக்காவது தைரியம் உண்டா? நாங்கள் இரண்டாவது லெவலில் ஒரு கதவை வைத்து, பின்னால் மெதுவாக ஏதோ உரசும் சத்தத்தை மட்டும் கொடுத்தோம். அக்கா மகன் திருமங்கலத்திலிருந்து லீவுக்கு வந்தவன், பேய் கூட்டத்தையே சிரித்துக்கொண்டு சுட்டுத் தள்ளியவன், அந்தக் கதவு முன்னால் வந்து நின்று, கையில் இருந்த 11 தோட்டாவையும் மூடிய கதவிலேயே சுட்டுத் தீர்த்தான். உள்ளே நான் அதுவரை எதையும் வைக்கவில்லை.

அந்தச் சத்தம் உறுமி. வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்த்தால் வரும் அந்த முனகல். இலவச சத்தத் தொகுப்பிலிருந்து ஓநாய் ஊளையும் தேவாலய மணியும் எடுத்துப் போடுவது பெரிய தவறு என்பேன், மதுரைப் பக்கம் கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் நடக்கும் எங்கள் கதையில் ஓநாய்க்கு என்ன வேலை? ராத்திரி நின்றுபோன பம்புசெட், தவளைச் சத்தம் சட்டென்று அடங்குவது, இதெல்லாம் போனிலேயே பதிவு செய்யலாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, சாமியைப் பேயாக்காதீர்கள். நான் முதலில் மீசையும் அரிவாளுமாக ஒரு முனியை எதிரியாக வரைந்து வைத்திருந்தேன். அம்மா காபி டம்ளரோடு வந்து திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, பாண்டி கோயிலுக்கு வருசா வருசம் போயிட்டு, இங்க உக்காந்து யாரைடா சுடுற?" என்று கேட்டார்கள். பாண்டி கோயில் சாமியும் முனிதான். பதில் இல்லை. நமக்குப் படம், இன்னொரு வீட்டுக்குக் குலசாமி. அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டு மீசையை விட்டுவிட்டேன், அப்படி வந்ததுதான் மேலே சொன்ன 69 படச் சனியன்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. டூமின் மூலநிரல் 1997ல் வெளியானது, 1999ல் யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த இடம் கொடுக்கும் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது, அதனால் அதிலிருந்து வந்த எஞ்சின்களை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் படங்களும் சத்தங்களும் இலவசம் அல்ல. தற்காலிகமாக இருக்கட்டும் என்று டூமின் கதவுச் சத்தத்தை வைத்துவிட்டு அப்படியே வெளியிடுகிறவர்கள் உண்டு. நாங்களும் அந்தப் பக்கம் போய்த்தான் திரும்பினோம். தற்காலிகத்துக்கு ஃப்ரீடூம் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், டூமின் படங்களுக்கும் சத்தங்களுக்கும் பதிலாக இலவசமாகப் பயன்படுத்தவே அதைச் செய்திருக்கிறார்கள். வெளியிடும் முன் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பாருங்கள், எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது, ஏழு சத்தம் அகப்பட்டது.