ஆறடிக்கு மேல் உயரமா? கார் வாங்கும் முன் உட்கார்ந்து பார்ப்பது எப்படி

என் உயரம் 6 அடி 3 அங்குலம். அக்கா மகனும் அதே உயரம்தான். தர்மபுரியில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்றால் ஒரு விரல் வித்தியாசம்கூடத் தெரியாது. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தால் அவன் தலை என் தலையைவிட நாலு விரல் மேலே நிற்கும். எனக்குக் கால் நீளம், அவனுக்கு உடம்பு நீளம். நான் நிம்மதியாக ஓட்டுகிற காரில் அவன் தலை கூரையில் இடிக்கிறது. அவனுக்குப் பிடித்துப்போன ஒரு காரில் என் முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டியது.

அதனால்தான் "நெட்டையானவங்களுக்கு எந்தக் கார்ணா நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் சட்டென்று ஒரு பெயரைச் சொல்வதில்லை. முதலில் உங்கள் உடம்பில் எது நீளம் என்று தெரிய வேண்டும். அதன் பிறகுதான் கார்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். முதல் காரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் ஓசூர் போய் வர வேண்டிய வேலை. கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டும்போதே இடது முழங்கால் வலிக்கத் தொடங்கும். ஓசூரில் இறங்கும்போது இடுப்பை நிமிர்த்த இரண்டு நிமிடம் ஆகும். நாலே மாதத்தில் நஷ்டத்துக்கு விற்றேன். முதல் கார் வாங்கப் போகிற உயரமான தம்பி தங்கைகளுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

படி 1: வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்

குஷன் இல்லாத ஒரு பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பின்புறம் சுவரில் படும்படி நிமிர்ந்து உட்காருங்கள். வீட்டில் ஒருவரை உங்கள் தலைமேல் ஒரு நோட்டைத் தட்டையாக வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். பெஞ்சுப் பலகையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளது உங்கள் உட்கார்ந்த உயரம். அடுத்து, அதே நிலையில் சுவரிலிருந்து முழங்காலின் முன்பக்கம் வரை அளங்கள். இது தொடை நீளம்.

எனக்கு இந்த இரண்டும் 95 செ.மீ., 68 செ.மீ. அக்கா மகனுக்கு 102 செ.மீ., 63 செ.மீ. நின்றால் ஒரே உயரம் உள்ள இருவருக்கு இவ்வளவு வித்தியாசம். உட்கார்ந்த உயரம் மொத்த உயரத்தில் பாதியைவிட நன்றாக அதிகமாக இருந்தால் நீங்கள் கூரையைப் பார்த்துக் கார் தேட வேண்டும். பாதியை ஒட்டியே இருந்தால் முழங்காலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையில் உள்ள இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டும் நீளம் என்றால் தேடல் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

படி 2: வெளியே பெரிய வண்டி, உள்ளே பெரிய இடம் இல்லை

"உனக்கு எஸ்.யு.வி.தான் சரி" என்று ஊரே சொல்லும். எப்போதும் அப்படி இல்லை. உயரமான வண்டிகளில் தரையும் சீட்டும் உயரமாகவே இருக்கும். அதனால் தலைக்கு மேல் மிஞ்சுகிற இடம் சில நேரம் ஒரு சின்னக் காரின் அளவுதான் வரும். சீட்டிலிருந்து கூரை வரை என்ன இருக்கிறது என்பதே கணக்கு.

1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தபோது 'டால் பாய்' என்று அதைச் சொன்னார்கள். நீளம் குறைவான காரில் ஆட்களை நிமிர்த்தி உட்கார வைத்து, கூரையை மேலே தூக்கியிருந்தார்கள். மாருதி வேகன் ஆரும் அதே வழிதான். இப்போதைய வேகன் ஆரின் உயரம் 1,675 மி.மீ. நீளத்திலும் விலையிலும் அதைவிட எவ்வளவோ பெரியதான ஹோண்டா சிட்டியின் உயரம் 1,489 மி.மீ. உடம்பு நீளமானவர் நாற்காலியில் உட்கார்வதுபோல நிமிர்ந்து உட்கார முதல் வகை பொருந்தலாம். கால் நீளமானவருக்கு, கொஞ்சம் தாழ்வாக உட்கார்ந்து காலை முன்னால் நீட்ட வைக்கிற சிட்டி போன்ற செடான்கள் (பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் கார்கள்) எதிர்பாராத அளவு சுகமாக இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

4 மீட்டருக்குள் அடங்கும் கார்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மிகாமல் பெட்ரோலில் 1,200 சி.சி., டீசலில் 1,500 சி.சி. வரை உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். ஆகவே அந்த நீளத்துக்குள் பின்சீட்டில் இடம், டிக்கி என்று எல்லாவற்றையும் அடைக்கப் பார்ப்பார்கள். முன்சீட் பின்னால் நகரும் தூரம் சில மாடல்களில் அதில் அடிபட்டுப் போகும். எல்லாவற்றிலும் அல்ல. உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 3: விலைப்பட்டியலில் நடு வேரியண்டைத் தேடுங்கள்

ஒரே கார் வசதிக்கேற்ப பேஸ், நடு, டாப் என்று பல வகைகளில் வரும், அவற்றைத்தான் வேரியண்ட் என்பார்கள். ஷோரூமில் கொடுக்கும் பட்டியலில் நமக்கு வேண்டியவை மூன்று: டிரைவர் சீட் ஏறி இறங்குகிறதா, ஸ்டீயரிங் மேலே கீழே அசைகிறதா, ஸ்டீயரிங் நம்மை நோக்கி வெளியே வருகிறதா. கடைசியாகச் சொன்னதைத்தான் டெலஸ்கோப்பிக் என்பார்கள். பல கார்களில் மேலே கீழே மட்டும்தான் அசையும். சிட்டி, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், இன்னோவா கிரிஸ்டா போன்றவற்றில் இரண்டும் உண்டு. நீங்கள் எடுக்கும் வேரியண்டில் இருக்கிறதா என்பதை மட்டும் பட்டியலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏன் இது இவ்வளவு முக்கியம்? காலுக்காகச் சீட்டைப் பின்னால் தள்ளினால் கை எட்டாது. கைக்காக முன்னால் இழுத்தால் முழங்கால் முட்டும். ஸ்டீயரிங் நம்மிடம் வந்தால் மட்டும்தான் இந்த இழுபறி தீரும்.

அடுத்தது சன்ரூஃப், அதாவது கூரையில் உள்ள கண்ணாடித் திறப்பு. அதன் சட்டமும் திரையும் கூரைக்குக் கீழேதான் உட்கார்கின்றன. காருக்குக் கார் மாறும் என்றாலும் 2 முதல் 5 செ.மீ. வரை தலைக்கு மேல் இடம் போய்விடும். பேஸ் மாடலில் சீட் ஏறி இறங்காது, டாப் மாடலில் சன்ரூஃப் வந்துவிடும். உடம்பு நீளமானவர்களுக்குப் பெரும்பாலும் இடையில் உள்ள வேரியண்ட்தான் சரி. ஷோரூமில் நிற்பது டாப் மாடலாகவே இருக்கும். நீங்கள் வாங்கப்போகிற வேரியண்டில்தான் உட்கார்ந்து பார்ப்பேன் என்று கேளுங்கள். இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருங்கள்.

படி 4: சீட்டை இந்த வரிசையில் அமையுங்கள்

தினமும் போடுகிற ஷூவோடு போங்கள். 11, 12 சைஸ் கால் உள்ளவர்கள் செருப்போடு போய்ப் பார்த்துவிட்டு வந்து பிறகு வருத்தப்படுவார்கள்.

ஏறுவதற்கு முன் சீட்டை முழுக்கக் கீழே இறக்கி, கடைசி வரை பின்னால் தள்ளி, ஸ்டீயரிங்கை முழுக்க மேலே தூக்கிவிடுங்கள். ஏறும்போது தலை கதவுச் சட்டத்தில் படுகிறதா என்று பாருங்கள். தினமும் பத்துத் தடவை ஏறி இறங்கப்போகிறீர்கள்.

இடுப்பைச் சீட்டின் மூலை வரை நன்றாகத் தள்ளி உட்காருங்கள். உயரமானவர்கள் நிறையப் பேர் கூரைக்குப் பயந்து இடுப்பை முன்னால் சறுக்கி, வளைந்து உட்காருவோம். முதுகுவலியின் ஆரம்பம் அதுதான். சறுக்காமல் உட்கார முடியவில்லை என்றால் அந்தக் கார் உங்களுக்கு இல்லை. அங்கேயே இறங்கிவிடலாம்.

சரி, இப்போது கிளட்ச். அடிவரை மிதியுங்கள். அந்த நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கி இருக்க வேண்டும். அப்புறம் காலை மெதுவாக விடுங்கள். குட்டையானவர்களுக்கு மிதிக்கும்போது சிரமம், நமக்கு விடும்போது சிரமம். முழங்கால் மேலே எழும்பி ஸ்டீயரிங்கின் அடியில் முட்டும். இதை ஒருமுறை அல்ல, இருபது முறை செய்து பாருங்கள். அதன் பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கில் கால் வைத்தபடி ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி என்று முழுக்கத் திருப்புங்கள். கை தொடையில் இடித்தால், தெருவில் யூ-டர்ன் அடிக்கும்போது தினமும் இடிக்கும்.

வலது காலை ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் மாற்றி மாற்றி வையுங்கள். ஷூவின் நுனி டேஷ்போர்டின் அடியில் சிக்கக் கூடாது, ஒரே மிதியில் இரண்டு பெடலும் அமுங்கக் கூடாது. இடது பாதம் ஓய்வாக இருக்கக் கிளட்சுக்குப் பக்கத்தில் தனி இடம் இருக்கிறதா? இல்லையென்றால் நெடுஞ்சாலையில் அந்தக் காலை வைக்க இடமில்லாமல் மடித்தே வைத்திருக்க வேண்டியிருக்கும்.

அடுத்து முதுகுச் சாய்வு. நேர்கோணத்தைவிடக் கொஞ்சம் சாய்ந்து, 100 முதல் 110 டிகிரி போதும். தோள் சீட்டில் பட்டபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. தலைக்கு மேலே? நாலு விரலைப் படுக்கையாக நுழைக்க முடிந்தால் எனக்குத் திருப்தி. இரண்டு விரல்தான் என்றால் வேகத்தடையில் தலை கூரையைத் தொடும்.

பார்வையை மறந்துவிடாதீர்கள். நம் கண் காரின் முன்கண்ணாடியின் மேல்விளிம்புக்கு அருகில் போய்விட்டால், தர்மபுரி 4 ரோடு சிக்னலில் முதல் வண்டியாக நிற்கும்போது விளக்கைப் பார்க்கவே குனிய வேண்டியிருக்கும். நடுக்கண்ணாடி நேராகக் கண்மட்டத்தில் நின்றால் இடப்பக்கத்திலிருந்து வருகிற பைக்கை அது மறைக்கும். சீட்டைக் கடைசி வரை தள்ளும்போது முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையில் உள்ள நடுத்தூணும் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள், தெரிவது ரோடா தூணா என்று.

ஹெட்ரெஸ்ட் விஷயத்தில் சமரசம் வேண்டாம். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும். குறைந்தது காதுக்கு மேலாவது இருக்க வேண்டும். சில சின்னக் கார்களில் அது சீட்டோடு சேர்ந்தே இருக்கும், தூக்க முடியாது. நமக்கு அது கழுத்தோடு நின்றுவிடும். பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் கழுத்து அதன்மேல் பின்பக்கமாக வளையும். மற்ற எல்லாம் சரியாக இருந்த ஒரு காரை இந்த ஒரு காரணத்துக்காக நான் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

சீட் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் போக வேண்டும். தூணில் பெல்ட்டை உயர்த்தும் வசதி இருந்தால் மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: அப்படியே இருபது நிமிடம் இருங்கள்

அக்கா மகனுக்குக் கார் பார்க்கப் போனபோது விற்பனைப் பையன் பொறுமையிழந்து கேட்டான்: "சார், ஓட்டிப் பாக்கலாமே, எதுக்கு உக்காந்துகிட்டே இருக்கீங்க?"

"இருங்க தம்பி, இன்னும் பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிடத்தில்தான் தொடை விஷயம் தெரிந்தது. சீட்டின் பலகை நீளம் குறைவாக இருந்தால் தொடையின் முன்பாதி காற்றில் தொங்கும். பாரம் முழுவதும் இடுப்பிலும் குதிகாலிலும் இறங்கும். உட்கார்ந்த உடனே இது தெரியாது, ஒரு மணி நேரம் கழித்து வலியாக வரும். முழங்கால் மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் இடையில் மூன்று நாலு விரல் இடைவெளி இருந்தால் நல்லது. ஒரு சாண் இருந்தால் யோசியுங்கள்.

பின்சீட்டையும் பார்த்துவிடுங்கள். நமக்காகத் தள்ளிய சீட்டுக்குப் பின்னால் அம்மாவோ மனைவியோ கால் வைத்து உட்கார முடிகிறதா?

படி 6: ஓட்டிப் பாருங்கள்

இரண்டு கிலோமீட்டர் சுற்றிவிட்டுத் திரும்புவது போதாது. தர்மபுரியில் இருந்தால் காலையில் கிருஷ்ணகிரி பக்கமாக நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். தொப்பூர் இறக்கத்தில் பழகாத காரைப் பரிசோதிக்க வேண்டாம். லாரிகளும் விபத்துகளும் அதிகமான இடம். வேகத்தடைகளுக்குப் பென்னாகரம் சாலைப் பக்கம் ஒரு சுற்று, நின்று நின்று போகும் நெரிசலுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சுற்று. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ரவுண்டானாவே போதும், கிளட்ச் கால் என்ன சொல்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

முடிந்தால் அதே காரின் ஆட்டோமேட்டிக்கையும் ஓட்டுங்கள். கிளட்ச் இல்லாததால் இடது முழங்காலின் பாடு அப்படியே நின்றுவிடுகிறது. கால் நீளமானவர் பெரிய காருக்குக் கூடுதலாகச் செலவழிப்பதைவிட அந்தக் காசில் ஒரு பகுதியை ஆட்டோமேட்டிக்குக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பழைய கார் என்றால்

மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். கூடவே, சீட் தண்டவாளம் கடைசிப் பல் வரை நகர்கிறதா என்று பாருங்கள். துருவோ, தடித்த மேட்டிங்கோ, உள்ளே விழுந்த நாணயமோ தடுத்துக்கொண்டிருக்கும். நம் பக்கம் கர்நாடகப் பதிவு வண்டிகள் நிறைய விற்பனைக்கு வரும். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டுச் சாலை வரி, டி.என். 29 (தர்மபுரி) அல்லது டி.என். 24 (கிருஷ்ணகிரி) பதிவுக்கு மாற்றும் செலவு எல்லாவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாங்கிய பிறகு செய்யக்கூடியதும் கூடாததும்

தொடைக்குத் தாங்கல் போதவில்லை என்றால் நல்ல குஷன் கடையில் சீட்டின் முன்விளிம்பில் கொஞ்சம் ஸ்பாஞ்ச் சேர்த்துத் தரச் சொல்லலாம். சீட்டில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடும் கவர் போட வேண்டாம். சீட்டின் போல்ட்டைக் கழற்றித் துளை போட்டுப் பின்னால் தள்ளித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விபத்தில் நம் எடை முழுவதையும் பிடித்து நிறுத்துவது அந்த போல்ட்டுகள்தான்.

அக்கா மகன் கடைசியில் சன்ரூஃப் இல்லாத நடு வேரியண்ட் ஒன்றை எடுத்தான். என் காரை விட்டுவிட்டு அவனுடையதில் ஓசூர் போக வேண்டிய நாளில், அவன் வைத்த இடத்திலிருந்து சீட்டை இரண்டு பல் பின்னால் தள்ளி, ஸ்டீயரிங்கை வெளியே இழுத்துக்கொள்கிறேன். வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவீர்கள் என்றால் அவரவர் பல் எண்ணிக்கையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள்.