நெருக்கடிக் காலத்தில் வசதியுள்ளவர் கொடுக்கும் முறை

நாட்டுக்கே நெருக்கடி வரும்போது வசதியுள்ளவர்கள் தாமாக முன்வந்து கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பேன். மருத்துவமனையையும் ரேஷன் கடையையும் ஆண்டு முழுவதும் நடத்துவது வரிப்பணம்தான். அதற்கு நன்கொடை ஈடாகாது. ஆனால் ஆணை பிறந்து, நிதி ஒதுக்கி, பயனாளிகள் பட்டியல் தயாராவதற்குள் கழிந்துவிடும் முதல் சில வாரங்களில், பக்கத்திலேயே இருப்பவரின் பணம்தான் விரைவாகப் போய்ச் சேரும். கொங்கு வட்டாரத்தில் தொழில் செய்து வளர்ந்தவர்கள் அதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் பாக்கியைத் தீருங்கள். 2020 மார்ச் 25, புதன்கிழமை நாடு தழுவிய கொரோனா ஊரடங்கு தொடங்கியது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் பலவற்றில் சனிக்கிழமைதான் சம்பள நாள் என்பதால், வாரக் கூலி கைக்கு வருமுன்பே கதவு அடைபட்டது. ஆகவே வாரக் கூலி, காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என்று ஜாப் ஒர்க் செய்யும் சிறு யூனிட்டுகளுக்கு நிற்கும் பில், சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்குத் தர வேண்டிய நெசவுக் கூலி ஆகிய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு நன்கொடையைப் பற்றி யோசியுங்கள். கொடுக்க வேண்டியதை நிறுத்தி வைத்துக்கொண்டு நிவாரண நிதிக்குக் காசோலை கொடுப்பது அடுத்தவர் பணத்தில் செய்யும் தர்மம். தொழிலாளரிடம் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்து நிறுவனத்தின் பெயரில் கொடுப்பதும் அப்படித்தான்.

வரிசையாக அறைகள் கொண்ட லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு அடுத்த கடமை அங்கேயே இருக்கிறது. 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை பிறப்பித்த ஆணை, தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றது. ஆணை வரும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிடலாம். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களில் பலருக்கு இங்கே குடும்ப அட்டை கிடையாது. அரிசி மூட்டையை இறக்குவதற்கு முன் என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, கடுகு எண்ணெய், சிறிய சிலிண்டருக்கு எரிவாயு என்று சொல்வார்கள். நான்கு பேர் தங்கும் அறையில் அடுப்பு எரியாவிட்டால் மாவு இருந்தும் பயனில்லை.

எவ்வளவு கொடுப்பது என்பதை நல்ல காலத்திலேயே முடிவு செய்ய வேண்டும். கோவை பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதை அறத்துக்கென்று வைத்தார்கள், 1926-இல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை அப்படித்தான் பிறந்தது. எல்லோராலும் அந்த அளவு முடியாது. ஆயினும் ஆண்டு லாபத்தில் ஒரு விகிதத்தைக் குறித்துத் தனிக் கணக்கில் போட்டு வந்தால், அவசரத்தில் கை தயங்காது. சங்கத்தில் தலைக்கு இவ்வளவு என்று விதிப்பதை நான் ஏற்கவில்லை. நூறு தறி வைத்திருப்பவருக்கும் ஏற்றுமதியாளருக்கும் ஒரே தொகை என்பது நியாயமன்று.

ஊருக்கு வெளியேயும் கொடுக்க விரும்பினால், முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு வங்கி வழியே அனுப்புங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, 80ஜி என்று நாம் அறிந்த பிரிவின்படி முழுத் தொகைக்கும் விலக்கு உண்டு, ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது. சட்டப்படி லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பொறுப்பு நிதியாக (சி.எஸ்.ஆர்.) ஒதுக்கக் கடமைப்பட்ட நிறுவனங்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: முதலமைச்சர் நிதிக்குத் தருவது அந்தக் கணக்கில் சேராது என்றும், மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தருவது சேரும் என்றும் 2020 ஏப்ரலில் மத்திய அரசு விளக்கியது.

ஒதுக்கிய தொகை முழுவதையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். மூன்றாம் மாதம் உதவிகள் வற்றியிருக்கும், ஆர்டர் திரும்பியிருக்காது, பள்ளிக் கட்டணமும் அடகு வைத்த நகைக்கு வட்டியும் வந்து நிற்கும். மூன்றில் ஒரு பங்கையாவது அந்த மாதத்துக்கென்று வைத்திருங்கள்.